4417-ஆம் எண் புத்தகம்

ஜூலை 3, வியாழன்

என் பெயர் தொம்மை. வயது எழுபத்திரண்டு. ஊர் தூத்துக்குடி. துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். இந்த நான்கு வரியை எழுத ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. விரல் வலிக்கிறது. மூட்டை தூக்கிய காலத்தில் இப்படி வலித்ததில்லை.

ஜூலை 4, வெள்ளி

மாநகராட்சிப் பள்ளியில் முதியோர் வகுப்புக்கு ஆறு மாதம் போனேன். தேர்வு எழுதினேன். தேறிவிட்டேன். திருப்பூரில் இருக்கும் மகள் செல்வமேரி இந்த டைரியை அனுப்பியிருக்கிறாள். "தெனம் ரெண்டு வரி எழுதுங்கப்பா, இல்லன்னா மறந்துரும்" என்று போனில் சொன்னாள்.

எப்படி மறக்கும்? தெருவில் இறங்கினால் எல்லாமே என்னோடு பேசுகின்றன. பஸ் பேசுகிறது. மருந்துக்கடை பேசுகிறது. மீன் மார்க்கெட் பின்சுவரில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று இருக்கிறது. இருபது வருடமாக அந்தச் சுவர் என்னிடம்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று ஒரு தவறு செய்துவிட்டேன்.

என் மனைவி ரெஜினாள் மாலை ஏழரை மணி சீரியலை நான்கு வருடமாகப் பார்க்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். நிவேதா என்ற பெண்ணை மாமியார் கொடுமைப்படுத்துகிறாள். கதை அவ்வளவுதான். முடிவெட்டும் கடையில் ஒரு வார இதழ் கிடந்தது. அதில் நம் சீரியலைப் பற்றி ஒரு பக்கமே இருந்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு வந்து அடுக்களையில் நின்று சத்தமாக வாசித்தேன். "நிவேதாவைப் பெற்ற தாயே அந்த மாமியார்தான் என்ற உண்மை விரைவில் வெளியாகப் போகிறது."

ரெஜினாள் சாளை மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"இத ஒங்கள்ட்ட யாரு கேட்டா?"

"வாசிக்கத் தெரியும்லா, அதான்."

"நாலு வருசம் பாத்திருக்கேன் நான். ஒரு நிமிசத்துல கெடுத்துட்டிய."

அவ்வளவுதான். அதன்பிறகு பேசவில்லை.

ஜூலை 7, திங்கள்

பேசவில்லை.

ஜூலை 9, புதன்

சோறு வருகிறது. குழம்பு வருகிறது. பேச்சு வரவில்லை. ஏழரைக்கு டிவிக்கு எதிரே நாற்காலியை ஒற்றையாகப் போட்டுக்கொள்கிறாள். நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். இன்று முழுவதும் மாமியார் ஒரு காப்பித் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தாள். குடிக்கவில்லை. ஐந்து பேரின் முகத்தை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். முடித்துவிட்டார்கள். இதை நான் முன்பெல்லாம் எப்படிப் பொறுமையாகப் பார்த்தேன் என்று தெரியவில்லை. ரெஜினாள் பக்கத்தில் இருந்து "பாத்தியளா அவ திமிர" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அதனால் இருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிட்டேன். விண்ணப்பத்தில் 'கையொப்பம் அல்லது கைரேகை' என்று இருந்தது. நூலகர் சண்முகக்கனி மேடம் மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். நான் அதைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மேடம் சிரித்தார். "மன்னிச்சிக்கிடுங்க ஐயா" என்றார். எவ்வளவு வேண்டுமானாலும் மன்னிக்கத் தயாராக இருந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

இதுவரை எடுத்த மூன்று புத்தகங்களைப் பற்றி என் கருத்து.

ஒன்று, வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்ற புத்தகம். அதிகாலை எழுந்தால் வெற்றி பெறலாம் என்கிறார். முப்பத்தைந்து வருடம் அதிகாலை எழுந்து துறைமுகத்துக்குப் போயிருக்கிறேன். என்னோடு எழுந்தவர்கள் எல்லாரும் மூட்டைதான் தூக்கினார்கள். எட்டாம் பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு, கவிதைப் புத்தகம். பாதித்தாள் வெள்ளையாகவே இருக்கிறது. ஆனால் பக்கம் சீக்கிரம் முடிகிறது. ஒரே நாளில் இருபது பக்கம் முடித்தேன். ஒன்றும் புரியவில்லை. பெருமையாக இருந்தது.

மூன்றாவது கடல்மீன்களைப் பற்றியது. அதில் இரண்டு தவறு இருந்தது. மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

நூலகத்தில் வாசகர் வட்டம் என்று ஒன்று நடத்துகிறார்கள். தலைவர் கோயில்பிச்சை சார், ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். "அண்ணாச்சி, செப்டம்பர் ஏழாந்தேதி நம்ம கூட்டத்துல நீங்கதான் பேசுறிய. ஒரு புத்தகம் முழுசாப் படிச்சிட்டு வந்து பத்து நிமிசம் சொன்னாப் போதும்" என்றார். முழுசாக என்ற சொல்தான் பயமாக இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

மேடம் ஒரு நாவல் கொடுத்தார். பெரிய எழுத்து. ஓரங்கள் கிழிந்து, நூலகத்திலேயே பைண்டிங் செய்தது. பழுப்புக் காலிகோ துணி ஒட்டிய அட்டை. முன்தாள் இல்லை, அதனால் பெயரும் இல்லை. முதுகில் 4417 என்ற எண் மட்டும். "பேரு என்ன மேடம்?" என்றேன். பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். நம்பரே போதும். துறைமுகத்தில் எனக்கும் நம்பர்தான்.

எனக்கு மனதுக்குள் வாசிக்க வரவில்லை. வாய்விட்டுத்தான் வாசிக்க வேண்டும். ஈர்க்குச்சியை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஆற்றங்கரை ஊரில் தில்லைவனம் என்ற பெண் இட்லிக்கடை போடுகிறாள். முதல் நாள் மாவு புளித்துப் பொங்கி வழிந்துவிடுகிறது. என்ன செய்வாள் என்ற இடத்தில் ஒரு நீளமான சொல். எழுத்துக்கூட்டிக்கொண்டே நின்றேன்.

அடுக்களையில் இருந்து சத்தம் வந்தது. "பெறகு?"

பதினெட்டு நாளுக்குப் பிறகு வந்த முதல் சொல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நீளமான சொல்லை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. நான்கு மணிக்குக் காப்பி. பிறகு நான்கு பக்கம். ரெஜினாள் எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவாள், அல்லது மீன் நறுக்குவாள். கேட்டுக்கொண்டே கை வேலை செய்யலாம், டிவியில் அது முடியாது என்கிறாள். சண்டை இடம் வந்தால் கை வேகமாகிறது. நேற்று கீரையோடு காம்பையும் சேர்த்து உருவிவிட்டாள்.

வாசிப்புப் பழக்கம் வருவதற்கு என்ன வழி என்று அந்த வெற்றிப் புத்தகக்காரர் கேட்டால் சொல்வேன். எதிரே ஒரு ஆள் வேண்டும். "பெறகு" என்று கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா. கூட்டத்தில் என் செருப்பு போய்விட்டது. படிக்கவில்லை. வரும் வழியில் ரெஜினாள், "இந்நேரம் அவ கடைய அடைச்சிருப்பா" என்றாள். யார் என்று கேட்டேன். தில்லைவனமாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நாற்பத்தெட்டாம் பக்கம். புத்தகத்தில் தில்லைவனத்துக்குப் புருஷன் எங்கே என்று இதுவரை சொல்லவில்லை. இன்று சொன்னார்கள். அவர் பெயர் வடமலை. பள்ளிக்கூட வாத்தியார். 'சட்டையை மாட்டிக்கொண்டு, சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்றார். பதினோரு வருடம் ஆகிறது.'

வேகமாக வாசிப்பவர்கள் நான்கு வரி முன்னாடியே பார்த்துக்கொள்வார்களாம். எனக்கு அது முடியாது. குச்சி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கண். வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று எனக்கே தெரிந்தது.

ரெஜினாள் கீரையை முறத்தில் வைத்தாள்.  இருமல் வருகிறது, மீதி நாளைக்கு என்றேன்.

நான் பம்பாய்த் துறைமுகத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று வந்த பக்கம் முழுக்க வாத்தியார் போன பிறகு தில்லைவனம் பட்ட பாடு. இரண்டு வரி வாசித்துவிட்டு, குச்சியை அசைக்காமல் நானாகவே சொன்னேன். "அன்றைக்கு அவள் நல்ல சாம்பார் வைத்தாள், ஊரார் எல்லாரும் வந்து சாப்பிட்டுப் பாராட்டிவிட்டுப் போனார்கள்."

"நில்லுங்க" என்றாள் ரெஜினாள். "இது அதுல இல்ல."

"இருக்கு. நீ படிச்சவளா?"

"படிக்கல. நீங்க படிச்சா ஒவ்வொரு வார்த்தைக்கும் முட்டி முட்டித்தான் வருவிய. இது வழுக்கிக்கிட்டு வருது. ஒங்க சொந்தச் சரக்கு. அதுல உள்ளதப் படிங்க."

உள்ளதைப் படித்தேன். தில்லைவனம் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாவு ஆட்டினாள். வாசலில் யார் நடந்தாலும் எட்டிப் பார்த்தாள். மூன்றாம் வருடம் எட்டிப் பார்ப்பதை நிறுத்தினாள்.

ரெஜினாள், "நான் ரெண்டாம் வருசமே நிறுத்திட்டேன்" என்றாள். எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை வரும் போல் இருந்தது. வரவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

நான் பம்பாய்க்குப் போனது செல்வமேரிக்கு ஒரு வயது இருக்கும்போது. சொல்லிவிட்டுப் போகவில்லை. ஏழு வருடமும் கடிதம் போடவில்லை. எனக்கு எழுதத் தெரியாது. திரும்பி வந்தபோது எல்லாரிடமும் இதைத்தான் சொன்னேன். எழுதத் தெரியாதவன் எப்படி எழுதுவான்? எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ரெஜினாளும் ஒன்றும் சொன்னதில்லை.

இன்று எழுபத்தாறாம் பக்கத்தில் தில்லைவனத்தின் அண்ணன் சொல்கிறான். "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுதச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு கார்டு போட அவருக்குக் கை வரவில்லையே."

ரெஜினாள் மீனைத் திருப்பிப்போட்டு மறுபக்கம் செதில் எடுத்தாள். "வாத்தியாருக்கு எழுதத் தெரியும். அவனும் எழுதல. அப்ப எழுத்து காரணமில்ல" என்றாள்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மீனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 16, சனி

4417-ஐ நூலகத்தில் கொடுத்துவிட்டு வேறு புத்தகம் கேட்டேன். சிரிப்புக் கதைகள் இருந்தால் நல்லது என்றேன். "முடிச்சிட்டியளா ஐயா?" என்றார் மேடம். எழுத்து கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்றேன். மேடம் புத்தகத்தையும் என்னையும் பார்த்தார். யானை அளவு எழுத்து அது.

சிரிப்புக் கதைப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தேன். நான்கு மணிக்கு எடுத்து வைத்தேன். ரெஜினாள் அட்டையைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நிறம் தெரியும்.

"அது எங்க?"

"கொடுத்துட்டேன். இது நல்லாருக்கும்."

"நூலகம் எத்தன மணி வர இருக்கு?"

"அஞ்சரைக்கு அடச்சிருவாவ."

"இப்ப நாலு மணி. நடந்தா இருவது நிமிசம்."

போனேன். மேடம் ஒன்றும் கேட்காமல் 4417-ஐ மேசைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். அலமாரியில் கூட வைக்கவில்லை. "வீட்டுல முடிக்கச் சொல்லுதா" என்றேன்.

"வருவியன்னு தெரியும்" என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இப்போதெல்லாம் முட்டாமல் இரண்டு வரி போகிறது. இந்தப் புத்தகத்தை எழுதியவரைப் பற்றி என் கருத்து: சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது நன்றாக எழுதுகிறார். ஆற்றைப் பற்றி எழுதும்போது அவசியமில்லாமல் எழுதுகிறார். ஆறு வந்தால் ரெஜினாள், "அது ஓடட்டும், நீங்க கடைக்கு வாங்க" என்கிறாள். ஆனாலும் நான் ஒரு சொல் விடுவதில்லை. விட்டால் கண்டுபிடித்துவிடுவாள்.

சீரியலில் மாமியார்தான் தாய் என்பது வெளியாகிவிட்டதாம். பக்கத்து வீட்டில் வந்து சொன்னார்கள். ரெஜினாள், "அப்படியா" என்றாள். அவள் பார்த்து ஒரு வாரம் ஆகிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

புத்தகம் முடிந்துவிட்டது. நூற்று இருபத்தெட்டு பக்கம். என் வாழ்நாளில் நான் முடித்த முதல் புத்தகம். தெருவில் நின்று கத்த வேண்டும் போல் இருந்தது. ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

கடைசியில் வாத்தியார் திரும்பி வருகிறார். மழை. கதவைத் தட்டுகிறார். பெயர் சொல்கிறார். 'தில்லைவனம் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.' அதோடு சரி. அடுத்தது அட்டை.

"பெறகு?" என்றாள் ரெஜினாள்.

"முடிஞ்சிட்டு."

"தொறந்தாளா இல்லியா?"

"அது சொல்லல. அதான் கத. சீரியல்லயும் இப்படித்தான நிறுத்துதான்."

"சீரியல்ல மறுநாள் காட்டுவான்லா."

"புத்தகத்துக்கு மறுநாள் கிடையாது."

எனக்கு இது பிரமாதமான முடிவாகப் பட்டது. நல்ல புத்தகங்கள் இப்படித்தான் முடியும் போலிருக்கிறது. பிறகு ஒன்று கேட்டேன். "நீ என்ன நெனைக்க, தொறந்திருப்பாளா?"

அவள் அரிவாள்மணையைக் கழுவிச் சாய்த்து வைத்தாள். "நீங்க கேக்க வேண்டியது அவளையா?" என்றாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கேட்க வேண்டும். இன்று முடியவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கேட்கவில்லை. பேச வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தில் பேச வேண்டியதைச் சொல்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். ரெஜினாளும் வந்தாள், கடைசி வரிசையில், பட்டுச்சேலையில். 

நான்கு பக்கம் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். இட்லிக்கடையைச் சொன்னேன். ஆறு அதிகம் என்பதைச் சொன்னேன். சிரித்தார்கள். கடைசியில் முடிவுக்கு வந்தேன். "தாழ்ப்பாளில் கை வைத்தாள் என்று நிறுத்தியிருக்கிறாரே, அதுதான் இந்தப் புத்தகத்திலேயே உயர்ந்த இடம். திறந்தாளா இல்லையா என்பதை நம்மிடமே விட்டுவிட்டார்" என்றேன்.

கை தட்டுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோயில்பிச்சை சார் தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணாச்சி, கத அங்க முடியல. இன்னும் பதினாறு பக்கம் இருக்கு. பைண்டிங் பண்ணும்போது கடைசி ஃபாரம், அந்தப் பதினாறு பக்கக் கட்டு, விட்டுப்போயிருக்கும். எங்கிட்ட முழுசு இருக்கு."

சண்முகக்கனி மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. நூற்று இருபத்தெட்டு பக்கமும் பொய்யாகிவிட்டது போல் நின்றேன்.

அப்போது கடைசி வரிசையில் ரெஜினாள் எழுந்தாள்.

"சார், ஒரு சந்தேகம். அந்தப் பதினாறு பக்கத்துல அவ தொறக்காளா?"

"தொறக்காம்மா. அவரு மன்னிப்பு கேக்காரு. ரொம்ப அழுவாரு. படிச்சா நமக்கே கண்ணுல தண்ணி வந்துரும்."

"எதுக்குப் போனான்னு சொல்லுதானா?"

கோயில்பிச்சை சார் யோசித்தார்.  "இல்ல. அது வரல."

"அத அவ கேக்காளா?"

"கேக்கலம்மா."

"அப்ப அவன் அழுது என்னத்துக்கு? எங்க வீட்டுப் புத்தகம் முடிஞ்ச எடத்துல முடிஞ்சதே நல்லது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் மேடம் தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். எனக்கு இல்லை, ரெஜினாளுக்கு. எனக்கு ஒரு துண்டு போட்டார்கள். கோயில்பிச்சை சார் போய்த் தன் புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தார். அதில் பெயர் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று நடந்ததை எழுத நான்கு நாளாவது ஆகும். ஆனாலும் தேதி இதுதான்.

நான்கு மணிக்குக் காப்பி குடித்தோம். கோயில்பிச்சை சார் புத்தகம் மேசையில் இருந்தது. ரெஜினாள் கீரையும் எடுக்கவில்லை, மீனும் எடுக்கவில்லை. கை சும்மா இருந்தது. நான் புத்தகத்தைத் தொடவில்லை.

"மேஸ்திரி ஒருத்தன் இருந்தான். அலெக்ஸ். நெனவிருக்கா?" என்றேன்.

"மீச வச்சவன்."

"நான் ஒரு மூட்டையத் தண்ணிக்குள்ள விட்டுட்டேன். சீனி மூட்ட. எல்லாரு முன்னாலயும் செருப்பக் கழத்தி அடிச்சான். நான் திருப்பி அடிக்கல. வீட்டுக்கு வந்து ஒன் மூஞ்சியப் பாக்க முடியல. லாரில ஏறிட்டேன். ஒரு மாசத்துல வந்துரலாம்னுதான் நெனச்சேன். ஒரு மாசம் ஆனதும், சொல்லாம ஒரு மாசம் இருந்துட்டமேன்னு வெக்கமாப் போச்சு. ரெண்டாம் மாசம் அதுக்கும் சேத்து வெக்கம். அப்படியே ஏழு வருசம் ஆயிட்டு."

"எழுதத் தெரிஞ்ச ஆளு யாரும் அங்க இல்லியா?"

"இருந்தாவ. எங்க ரூம்லயே நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் எல்லாருக்கும் எழுதிக் கொடுப்பான். நான் கேக்கல."

திரும்பி வந்த பிறகு இதைச் சொல்ல எனக்கு முப்பத்து நான்கு வருடம் ஆகியிருக்கிறது. ரெஜினாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவள் அவ்வளவு எளிதில் அழுகிறவள் இல்லை.

"ஒரு செருப்படிக்கா" என்றாள்.

"ஆமா."

"நான் என்னவெல்லாமோ நெனச்சேன்."

அதற்குப் பிறகு நான் கேட்டேன். "நான் வந்தன்னைக்கு நீ ஏன் கதவத் தொறந்த?"

"தொறக்காம?"

"தொறக்காம இருந்திருக்கலாம்லா. ஒன்ன யாரும் குத்தம் சொல்லிருக்க மாட்டாவ."

"வெளிய நிக்க ஆள எப்படித் திட்டுறது? தெருவே கேக்கும். உள்ள வந்தாத்தான நல்லாத் திட்ட முடியும். அதுக்குத்தான் தொறந்தேன்."

"நீ ஒரு வார்த்தையும் திட்டலியே."

"எங்க திட்ட? எலும்பும் தோலுமா வந்து நின்னிய. அன்னைக்குத் திட்டிருந்தா செத்துருப்பிய. மொதல்ல சோத்தப் போடுவோம், ரெண்டு நாளு கழிச்சித் திட்டுவோம்னு நெனச்சேன். அப்பறம் நீங்க வேலைக்குப் போக ஆரம்பிச்சிட்டிய. செல்வமேரி பள்ளிக்கூடம், வீட்டு வேல, அது இதுன்னு நேரமே கெடைக்கல."

"இப்ப நேரம் இருக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்த்திருப்பாள். பிறகு நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

நான் போன அன்றைக்குக் காலையில் இருந்து ஆரம்பித்தாள். அன்றைக்கு என்ன குழம்பு வைத்தாள், எத்தனை மணி வரை அதை மூடிவைத்திருந்தாள் என்பது முதல், யார் யார் வீட்டு வாசலில் என்னைத் தேடிப் போய் நின்றாள் என்பது வரை ஒன்றையும் விடவில்லை. என்னைத் திட்டினாள், என் அம்மாவைத் திட்டினாள், அந்த மேஸ்திரியைத் திட்டினாள். இரண்டாம் வருடத்துக்கு வரும்போதே விளக்கு போடும் நேரம் ஆகிவிட்டது. இன்னும் ஐந்து வருடம் இருந்தது. நான் குறுக்கே பேசவில்லை. அவள் குரல் நன்றாக இருந்தது, எங்கேயும் முட்டவில்லை.

நடுவில் ஒரு முறை தண்ணீர் கேட்டாள். எழுந்துபோய்க் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.